லண்டன்ல ஆறு வாரம் ஒயின் டேஸ்டிங் கோர்ஸ் போனேன், ஒரு கம்பத்துக்காரனோட ரிவ்யூ

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நம்ம ஊர்ல ஒயின்ஷாப்னா பிராந்திக்கடை, அங்க ஒயினைத் தவிர மத்த எல்லாம் கெடைக்கும். அதனால ஒயின் டேஸ்டிங் கோர்ஸ்ல சேந்திருக்கேன்னு ஃபேமிலி குரூப்ல தெரியாத்தனமா போட்டோ போட்டதும் பெரியப்பா ஊர்லேருந்து போன் போட்டு "ஏப்பா, குடிக்கிறதுக்கெல்லாமா டியூசன் வைக்கிறாய்ங்க"ன்னு கேட்டாரு. கேள்வி நியாயம்தான், 210 பவுண்டு கட்டிட்டு வந்த அன்னிக்கு நானே அதத்தான் கேட்டுக்கிட்டேன்.

ஏன் சேந்தேன்னா, ஆஃபீஸ் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல எவனோ ஒருத்தன் ஒயின் லிஸ்ட்டை என் கையில குடுத்து "உங்க வீட்ல திராட்சைத் தோட்டம் இருக்குல்ல, நீயே சொல்லு"ன்னுட்டான். எங்க அப்பாவுக்கு சுருளிப்பட்டி பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை, அது உண்மைதான், கவாத்து பண்ணத் தெரியும், மருந்தடிக்கத் தெரியும், பொட்டியில அடுக்கத் தெரியும், ஆனா அந்த லிஸ்ட்ல இருந்த ஒத்த பேரு எனக்குத் தெரியல. வெலை கம்மியா இருந்ததுலேருந்து ரெண்டாவதை கைகாட்டிட்டு கம்முனு உக்காந்துட்டேன். அந்தக் கடுப்புலதான் ஜனவரியில போய் சேந்தது.

கடை பேரு போடல, ஏன்னா சில குறையும் சொல்லப்போறேன். தெற்கு லண்டன்ல சின்ன ஒயின் கடை, அதுக்குக் கீழ பேஸ்மெண்ட், செவ்வாக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு ஒயின், ஆக மொத்தம் 36. வகுத்துப் பாத்தா ஒரு ஒயினுக்கு ஆறு பவுண்டு கிட்ட வருது, ஊத்துறது என்னவோ 50 மில்லிதான். ஆனா அந்த 36ல பாதி ஒயின முழு பாட்டிலா தனியா வாங்கப் போனா ஒவ்வொண்ணும் 25, 30 பவுண்டு ஆகும், அந்தக் கணக்குல பாத்தா நஷ்டமில்ல. பன்னெண்டு பேரு இருந்தோம். சொல்லிக்குடுக்குற டீச்சரம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், பந்தாவே கெடையாது, அந்த ஒத்தக் காரணத்துக்காகவே இந்த ரிவ்யூல பாதி மார்க் குடுத்துடலாம்.

மொத நாளு மேசையில ஒவ்வொருத்தருக்கும் ஆறு கிளாஸ், ஒரு வெள்ளைப் பேப்பர், உப்பில்லாத பிஸ்கட்டு, அப்புறம் ஒரு கருப்பு டப்பா. டப்பா எதுக்குன்னு பாத்தா துப்புறதுக்கு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. வாயில வச்சத நாலு பேருக்கு முன்னாடி துப்புறதான்னு மொத ரெண்டு ஒயினையும் முழுங்கிட்டேன், மூணாவது வரும்போதே காதெல்லாம் சூடாயி டீச்சரம்மா போர்டுல எழுதுறது ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சிருச்சு, சாயங்காலம் சாப்பிடாமப் போனது தப்பு. அப்புறம் நானும் துப்புனேன். ரெண்டாவது வாரத்துல வெத்தல போடுற பாட்டிங்க மாதிரி குறி தப்பாம துப்புற அளவுக்கு வந்துட்டேன்.

மொத ஒயின் நியூசிலாந்து மார்ல்பரோ ஊர்ல வெளையுற சாவின்யோன் பிளாங்க். மோந்து பாருங்க, கூஸ்பெரி வாசனை வரும்னாங்க. நமக்கு கூஸ்பெரின்னா நெல்லிக்காய்தானே, பள்ளிக்கூட புக்லயே அப்படித்தானே போட்டிருப்பாங்க, நானும் மூக்க உள்ள விட்டு நெல்லிக்காய தேடுறேன் தேடுறேன், வரவே இல்ல. சுத்தி இருக்குறவங்க எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டுறாங்க. பெறகு வீட்டுக்கு வந்து பாத்தாத்தான் தெரியுது, இங்க அவங்க சொல்ற கூஸ்பெரி வேற செடி வேற பழம், நம்ம நெல்லிக்கும் அதுக்கும் ஒரு ஸ்நானப்ராப்தியும் இல்ல. எனக்கு அந்த கிளாஸ்ல வந்தது கொடைக்கானல் மார்க்கெட்டுல பேஷன் ஃப்ரூட்ட ரெண்டா வெட்டி மொளகாப்பொடி தூவிக் குடுப்பாங்கள்ல, அந்த வாசனை. பயந்து பயந்து பேஷன் ஃப்ரூட்னு சொன்னேன். டீச்சரம்மா "அதேதான்"னுட்டு போர்டுல எழுதுனாங்க.

அங்கதான் எனக்கு இந்த கோர்ஸ் பிடிபட்டுச்சு. அவங்க சீட்டுல அச்சடிச்சிருக்குற வாசனை எல்லாம் அவங்க பாட்டி வீட்டு சமையக்கட்டு வாசனை, நான் எங்க பாட்டி வீட்டு சமையக்கட்டுலதான் தேடணும். பிளாக்கரண்ட்டுன்னு சொல்றது கூட எனக்கு ஐஸ்கிரீம் வழியாத்தான் தெரியும்.

அன்னிக்கு கடேசி ஒயின் இத்தாலி பீட்மான்ட் பக்கத்து பரோலோ, நெபியோலோங்கிற திராட்சையில பண்றது. கலர் பாத்தா செம்பருத்தி டீ மாதிரி வெளிறி இருந்துச்சு, சரி லேசாத்தான் இருக்கும்னு வாயில வச்சேன், கன்னம் ரெண்டும் உள்பக்கமா இழுத்துக்கிச்சு. டீச்சரம்மா இது டேனின், திராட்சைத் தோல்லயும் வெதையிலயும் இருந்து வருது, இத எப்படி சொல்வீங்கன்னு ஒவ்வொருத்தரா கேக்குறாங்க. ஒருத்தர் காஞ்சு போன மாதிரின்னாரு, ஒரு பொண்ணு பல்லுக்கு கம்பளி சாக்ஸ் மாட்டுன மாதிரின்னுச்சு. இதுல கூத்து என்னன்னா டிரைன்னு சொன்னா ஒயின்ல அதுக்கு சர்க்கரை இல்லாததுன்னு அர்த்தம், அதனால இந்த வாய் வறண்டு போறத சொல்ல அவங்களுக்கு சட்டுன்னு ஒரு வார்த்தை வராம ஆளாளுக்கு தடவுறாங்க. நான் மனசுக்குள்ள, அடப்பாவிகளா, துவர்ப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, ஆறு சுவையில ஒண்ணு, நாவப்பழம் தின்னாலும் வாழப்பூவ பச்சையா கடிச்சாலும் எங்க ஊர்ல அஞ்சு வயசுப் புள்ள சொல்லும். எந்திரிச்சு சொல்லியும் காட்டுனேன். "துவ... துவர்..."னு அந்தம்மா மூணு தடவ முயற்சி பண்ணிட்டு விட்டுட்டாங்க, ஆனா அடுத்த அஞ்சு வாரமும் டேனின் ஜாஸ்தியா ஒரு ஒயின் வந்தா என்னப் பாத்து கண்ணடிப்பாங்க.

ரெண்டாவது வாரம் ஃபிரான்ஸ். உண்மையச் சொன்னா சுமார். போர்தோ, பர்கண்டி, ரோன்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் அடைச்சு மேப்பு மேல மேப்பா காட்டுனாங்க, தலைய சுத்துனது ஒயினாலயா மேப்பாலயான்னு தெரியல. ஃபிரான்ஸுக்கு மட்டும் ரெண்டு வாரம் வச்சிருக்கணும். அன்னிக்கு பக்கத்து சீட்டுக்காரன் சென்ட்டு பாட்டில கவுத்துக்கிட்டு வந்துட்டான் வேற, ஆறு கிளாஸ்லயும் அவன் வாசனைதான். இந்த மாதிரி கோர்ஸ் போறவங்க தயவுசெஞ்சு சென்ட்டு போடாதீங்க.

மூணாவது வாரம் ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின். ஜெர்மனியில மோசல் ஆத்தோரம் ரீஸ்லிங்ங்கிற வெள்ளத் திராட்சை போடுற சரிவு போட்டோ காமிச்சாங்க, பிரெம் ஊர்ல கல்மான்ட்னு ஒரு மலை, கிட்டத்தட்ட செவுரு மாதிரி நிக்குது, ஸ்லேட்டுக்கல்லா கெடக்கு, அங்க போய் கையாலதான் பறிக்கணுமாம். பந்தலுக்கு அடியில நெழல்ல நின்னு பறிச்ச எங்களுக்கே இடுப்பு போயிரும். அந்த ரீஸ்லிங்ல பத்து வருசம் பழசு ஒண்ணு ஊத்துனாங்க, மோந்து பாத்தா பெட்ரோல் பங்க் வாசனை. வெளையாட்டுக்கு சொல்லல, நெசமாவே பெட்ரோல், அது பாட்டில்ல இருக்க இருக்க தானா உண்டாகுற ஒரு பொருளாலயாம், தப்பில்லையாம், அதத் தேடி வாங்குறவங்க இருக்காங்களாம்.

அப்புறம் ஸ்பெயின்ல ரியோஹா பக்கத்து ஒயின் ஒரு பாட்டில். ஊத்துனதும் டீச்சரம்மா மூஞ்சி மாறிடுச்சு. யாரும் குடிக்காதீங்க, ஆனா மோந்து பாருங்கன்னாங்க. ஐப்பசி மழையில நனைஞ்ச அட்டப்பொட்டி குடோன்ல கெடந்து நாறும்ல, அதே. தக்கையில பூஞ்சைனால வர்ற கோளாறு, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது ஆனா பழவாசனைய மொத்தமா அமுக்கிரும். வேற பாட்டில் ஒடச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மோக்க விட்டாங்க. ஹோட்டல்ல வெயிட்டர் மொதல்ல கொஞ்சூண்டு ஊத்திட்டு நம்ம மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாரே, அது நமக்கு புடிச்சிருக்கான்னு கேக்குறதுக்கு இல்ல, இந்த நாத்தம் இருக்கான்னு பாக்குறதுக்குத்தான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் இத்தன வருசமா சூப்பர் சூப்பர்னு தலையாட்டிட்டு இருந்திருக்கேன். இந்த ஒரு பாடத்துக்கே 50 பவுண்டு குடுக்கலாம்.

அன்னிக்கு கடேசில வந்தது மொஸ்காட்டோ டாஸ்டி. பீட்மான்ட்தான், மஸ்கட் திராட்சை, லேசா நொரை, ஆல்கஹால் அஞ்சு பர்சென்ட் சொச்சம், பீர் அளவுதான். கிளாஸ மூக்குக்கு கொண்டு போறேன், எங்க தோட்டம். வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. அறுப்பு நாள்ல காலைல ஆறு மணிக்கு பொட்டியில வேப்பங்கொழையும் பேப்பரும் போட்டு கொலைய அடுக்கும்போது அந்த பந்தலுக்கடியில ஒரு வாசனை நிக்கும், ரோஜாவும் தேனும் கலந்த மாதிரி, அதனாலதானே பன்னீர் திராட்சைன்னே பேரு. அது அப்படியே கிளாஸ்க்குள்ள. டீச்சரம்மாகிட்ட சொன்னா, உங்க ஊர்ல என்ன ரகம்னு கேட்டாங்க, அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன், "மஸ்கட் ஹாம்பர்க்னு வேளாண்மை ஆபீசருங்க சொல்லுவாங்க, நமக்கு பன்னீர்தான்"னாரு. 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு கூட வந்துச்சு. அது மஸ்கட் குடும்பம்தான், ஒரு பக்கம் அலெக்சாண்டிரியா மஸ்கட், இன்னொரு பக்கம் ஸ்கியாவா குரோஸாங்கிற கருப்பு திராட்சை, ரெண்டும் சேந்து வந்த ரகம்.

அதுக்கு மேல ஒரு விசயம் சொன்னாங்க பாருங்க. இங்க லண்டன்லயே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில ஒரு கெழட்டு திராட்சைக் கொடி இருக்கு, 1768ல நட்டது, அது அந்த ஸ்கியாவா குரோஸாதான். அந்த ஞாயித்துக்கெழமையே வீட்டுக்காரம்மாவ கூட்டிட்டு கெளம்பிட்டேன். கொடி கண்ணாடி வீட்டுக்குள்ள படந்திருக்கு, வேரு ஓடுற நெலத்துல வெளியில ஒண்ணுமே போடாம வெறும் மண்ணா விட்டு வச்சிருக்காங்க. அடித்தண்டு எங்கப்பாவோட இடுப்ப விடப் பெருசு. பிப்ரவரிங்கிறதால ஒத்த எலை இல்ல. வீட்டுக்காரம்மா "ஏங்க, இந்தக் கட்டையப் பாக்கவா இம்புட்டு தூரம்"னுச்சு. வாட்ஸப் வீடியோல அப்பாவுக்குக் காட்டுனேன், அவரு ரொம்ப நேரம் பாத்துட்டு "கவாத்து சுத்தமா பண்ணிருக்கான்"னாரு. நம்ம பன்னீருக்கு ரொம்ப நெருங்குன சொந்தம்னு சொன்னேன், நம்புனாரான்னு தெரியல.

நாலாவது வாரம்தான் இந்த கோர்ஸோட உசுரு. கிரீஸ், ஜார்ஜியா, லெபனான். கிரீஸ்ல சான்டோரினி தீவுல காத்து அப்படி அடிக்குமாம், அதனால கொடிய மேல ஏத்தாம தரையிலயே கூடை மாதிரி வளைச்சு வளைச்சு பின்னி விடுறாங்க, திராட்சை அந்தக் கூடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு காய்க்குது. எரிமலை மண்ணுங்கிறதால வேர்ல பூச்சி அண்டாதாம், 19ஆம் நூற்றாண்டுல யூரோப் திராட்சை பெரும்பாலும் ஃபில்லாக்செராங்கிற பூச்சியில அழிஞ்சு அமெரிக்க வேர்ல ஒட்டுக்கட்டித்தான் பொழச்சுது, இந்தத் தீவு மாதிரி சில எடத்துல மட்டும் இன்னும் சொந்த வேர்ல நிக்குது. அசிர்டிகோன்னு அந்த ஒயினு பேரு. எலுமிச்சம்பழத்துல கல்லுப்பு தொட்டு நக்குன மாதிரி இருந்துச்சு, 36லயும் மீன் வறுவலுக்கு எது வேணும்னு கேட்டா இதைத்தான் சொல்வேன்.

ஜார்ஜியா ஒயின் ஆரஞ்சுக் கலர்ல வந்துச்சு. கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன். வெள்ளத் திராட்சையதான் தோலு, வெத, காம்போட சேத்து க்வெவ்ரின்னு பெரிய மண்பானையில ஊத்தி, பானைய கழுத்து வரைக்கும் மண்ணுல பொதச்சு, மூடி அஞ்சாறு மாசம் விட்டுடுறாங்க. பானைக்கு உள்பக்கம் தேன்மெழுகு பூசுவாங்களாம். 8000 வருசத்துக்கு முன்னாடியே அங்க ஒயின் போட்ட அடையாளம் பானை ஓட்டுல கெடச்சிருக்கு, 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயும் இந்த முறைய சேத்துட்டாங்க. ருசி? பால் இல்லாத கட்டஞ்சாயாவ நல்லா கொதிக்க விட்டு, ஆற வச்சு, அதுல காஞ்ச ஆப்ரிகாட் ரெண்டு போட்ட மாதிரி. வெள்ள ஒயின்ல துவர்ப்பு! வகுப்புல பாதிப் பேருக்கு புடிக்கல, மூஞ்சிய சுளிச்சாங்க. ஊறுகா ஜாடியப் பாத்து வளந்தவனுக்கு எனக்கு அது அந்நியமாவே படல, துப்பவும் இல்ல.

அஞ்சாவது வாரம் தென் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா. சிலியில கார்மெனேர்னு ஒரு ரகம், அத ரொம்ப காலமா மெர்லோன்னு நெனச்சே வளத்து வித்துட்டு இருந்திருக்காங்க, 1994ல ஃபிரான்ஸ்லேருந்து போன ஒரு நிபுணர் கொடியப் பாத்துட்டு இது வேறன்னு சொல்லிருக்காரு. எங்க ஊர்ல இப்படி நாத்து மாத்திக் குடுத்தா நர்சரிக்காரன உயிரோட விடமாட்டாய்ங்க. அர்ஜென்டினா மென்டோசாவுல மழை ரொம்ப கம்மி, ஆண்டிஸ் மலையில பனி உருகி வர்ற தண்ணிய வாய்க்கா வெட்டி தோட்டத்துக்கு கொண்டு வர்றாங்க. பெரியாத்துத் தண்ணிய நம்பி இருக்குறவனுக்கு அந்த போட்டோ பாத்ததும் பக்குன்னு ஒரு ஒட்டுதல் வந்துருச்சு. அங்கத்து மல்பெக்ங்கிற ரெட் ஒயின் நல்லா இருந்துச்சு, ஆனா ஹீட்டர் பக்கத்துல பாட்டில வச்சிருந்தாங்க, வெதுவெதுன்னு இருமல் மருந்து மாதிரி ஆயிருச்சு. ரெட் ஒயினும் கொஞ்சம் சில்லுன்னு இருக்கணும்னு மொத வாரம் சொல்லிக்குடுத்தவங்களே அப்படிப் பண்ணா எப்படி?

இப்ப குறைக்கு வரேன். ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஜோடி சேக்குறதுன்னு கையில குடுத்த சீட்டுல நம்ம மொத்த சமையலுக்கும் ஒரே வரி, "கறி". அதுக்கு எதிர்ல ஒரு ஒயின் பேரு. ரசமும் மட்டன் சுக்காவும் கேரட் பொரியலும் ஒண்ணா? நான் வீட்ல நானே சோதிச்சுப் பாத்தேன். சுக்கா காரமா வச்சு ஒரு பக்கம் மல்பெக், 14 பர்சென்ட், இன்னொரு பக்கம் மோசல் ரீஸ்லிங்ல காபினெட்ங்கிற லேசான வகை, 8 பர்சென்ட் சொச்சம், லேசா இனிப்பு. மல்பெக்கோட சாப்பிட்டா நாக்குல தீ வச்ச மாதிரி, ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்த ஏத்தி விடுது. காபினெட்டோட சாப்பிட்டா அந்த இனிப்பும் புளிப்பும் காரத்த அப்படியே தணிச்சிருச்சு. வீட்டுக்காரம்மா ஒரு வாய் வச்சுட்டு "நன்னாரி சர்பத்துல எலுமிச்ச புழிஞ்ச மாதிரி இருக்குங்க"ன்னுச்சு, அன்னிக்கு சுக்கா எனக்கு பாதிதான் மிஞ்சுச்சு.

ரெண்டு, ஒவ்வொரு வாரமும் முடியுறப்ப மேல கடையில கூட்டமா நிறுத்தி இன்னிக்கு மட்டும் 10 பர்சென்ட் தள்ளுபடின்னு விக்கிறது. ஆறு கிளாஸ் உள்ள போனவன்கிட்ட விக்கிறது ரொம்ப சுலபம், அது அவங்களுக்கும் தெரியும். மூணாவது வாரம் நான் 64 பவுண்டுக்கு வாங்கிட்டு காலைல பில்லப் பாத்து முழிச்சேன். பர்ஸ வீட்ல வச்சுட்டுப் போங்க.

மூணாவது குறைதான் எனக்கு உறுத்துனது. கடேசி வாரம் ஷெர்ரி, மதீரா, அப்புறம் உலகத்துல மிச்சம் உள்ள நாடுங்க. மதீராவ வேணும்னே சூட்டுல போட்டு பதப்படுத்துவாங்களாம், வெல்லப்பாகும் வறுத்த கொட்டையுமா அருமையா இருந்துச்சு, தொறந்து வச்சாலும் மாசக்கணக்குல கெடாது. ஆனா இந்தியாவுக்கு ஒரே ஒரு ஸ்லைடு, நாசிக், அங்க சூலாங்கிற ஒயின் கம்பெனி, 2000ல அவங்களோட மொத ஒயின் வந்துச்சு, முடிஞ்சுது, ஊத்துறதுக்கு ஒரு சொட்டு இல்ல. நான் கையத் தூக்கிட்டேன். எங்க ஊர்ல கொடி தூங்குறதே இல்ல, பனி கெடையாது, எலை மொத்தமா உதிர்ற காலம் கெடையாது, எப்ப கவாத்து பண்றோமோ அப்பத் துளுக்கும், நாலு மாசத்துல பழம், அதனால ஒரு தோட்டத்துல அறுப்பு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்துல பூ எடுத்திருக்கும்னேன். நாசிக்கிலயும் வருசத்துக்கு ரெண்டு கவாத்துன்னு டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, ஆனா வருசம் முழுக்க அறுப்புங்கிறத கேட்டுட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. பதினஞ்சு நிமிசம் நாந்தான் பாடம் எடுத்தேன். பந்தல் எவ்வளவு ஒசரம், கல்லுக்காலா இரும்பா, மழை விழுந்து பழம் வெடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு சென்ட்டுக்காரன் கூட கேள்வி கேட்டான். மழை விழுந்தா ஜூஸ் கம்பெனிக்கு வந்த வெலைக்குப் போவும்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, அதுல சிரிக்க ஒண்ணுமில்ல.

அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். ஒரு மார்க் கொறச்சது கறி சீட்டுக்கும் அந்த ஒத்த ஸ்லைடுக்கும். ஒண்ணுமே தெரியாம புதுசா போறவங்களுக்குத்தான் இது, ஏற்கனவே பாட்டில் பாட்டிலா சேத்து வச்சிருக்குறவங்களுக்கு போரடிக்கும். அடுத்த பேட்ச் வசந்தத்துலன்னு சொன்னாங்க. போறவங்க வயித்துக்கு நாலு இட்லியாவது போட்டுட்டுப் போங்க, சுவெட்டர் எடுத்துக்கோங்க, மாடிப்படி பக்கத்து சீட்ல மட்டும் உக்காராதீங்க, மேல கடைக் கதவு தொறக்குறப்பெல்லாம் குளிர்காத்து முதுகுல வந்து அறையும்.